ஊட்டி ரயில் இருக்கட்டும், ஏ.எஃப்.டி. கேட் என்ன பாவம் செய்தது?

ரயிலில் ஏறிப் போவது வேறு, ரயிலைப் பார்க்கப் போவது வேறு. இரண்டாவது வகை ஆட்கள் இப்போது நம் பக்கத்திலும் பெருகிவிட்டார்கள். என் மூத்த மகள் வயிற்றுப் பேரன் அதில் ஒருவன். லீவு விட்டால் காமிராவைத் தூக்கிக்கொண்டு மேட்டுப்பாளையம், பாம்பன், செங்கோட்டை என்று கிளம்பிவிடுகிறான். அவனுக்கு ஏழெட்டுக் கூட்டாளிகள். எந்த எஞ்சின் எந்த ஷெட்டைச் சேர்ந்தது, எந்தப் பாலத்தில் எந்தப் பக்கம் நின்றால் வெயில் முகத்தில் அடிக்காது என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். "இதெல்லாம் ஒரு பொழப்பா" என்று வீட்டில் கேட்கிறார்கள். நல்ல பொழப்புதான் என்பது என் கட்சி. ஆனால் அவர்களோடு எனக்கு ஒரு வழக்கும் இருக்கிறது.

முதலில் அவர்கள் பக்கத்து நியாயம். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு 46 கிலோமீட்டர். நம்மூரிலிருந்து விழுப்புரம் போகிற தூரத்தைவிட ஒரு பத்து கிலோமீட்டர்தான் அதிகம். ஏறுவதற்கு நாலரை மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. கல்லாறு தாண்டியதும் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே பல்லுப் பல்லாக ஒரு இரும்புச் சட்டம் ஆரம்பிக்கும். எஞ்சினுக்கு அடியில் இருக்கிற பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறும். 12 அடி போனால் ஓர் அடி உயரம் என்ற அளவுக்குச் சில இடங்களில் செங்குத்து. எஞ்சின் முன்னால் இழுக்காது, பின்னாலிருந்து தள்ளும். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பிரேக்மேன் கொடியோடு நிற்பார். 16 குகைகள், 250 பாலங்கள், 208 வளைவுகள். குன்னூர் வரை 1899-இல் வந்தது, ஊட்டியைத் தொட 1908 ஆகிவிட்டது. 2005-இல் யுனெஸ்கோ அதை உலகச் சொத்து என்று எழுதிக்கொண்டது. 'மூன்றாம் பிறை' படத்தில் ஸ்ரீதேவி ரயிலேறிப் போய்விட, கமல் தலையில் பானையோடு குட்டிக்கரணம் போட்ட இடம் கேத்தி ஸ்டேஷன் என்பது நம் வயசுக்காரர்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

அந்த ரயிலில் எனக்குப் பிடித்த விஷயம் அதன் வயசு அல்ல. இன்னும் வேலை செய்கிறது என்பதுதான். ஸ்விட்சர்லாந்திலிருந்து வந்த எக்ஸ் வகை எஞ்சின்கள் தேய்ந்துபோனதும், நம் திருச்சி பொன்மலைப் பணிமனைக்காரர்கள் அதே வகை நீராவி எஞ்சினைப் புதிதாகவே கட்டிக் கொடுத்தார்கள். வெள்ளைக்காரன் செய்த பொருளை நம் ஃபிட்டர் அண்ணன்மார் திரும்பச் செய்து காட்டினார்கள். பாதுகாப்பது என்றால் இதுதான். பல ஊர்களில் ஸ்டேஷன் வாசலில் ஒரு பழைய எஞ்சினை மேடையில் ஏற்றி, மேலே வருஷம் ஒரு பெயின்ட் அடித்து, சுற்றிலும் சங்கிலி போட்டு வைத்திருக்கிறார்களே, அதைப் பார்த்தால் எனக்குப் பஞ்சு அடைத்த புலியைப் பார்க்கிற மாதிரிதான் இருக்கிறது. ஒன்றுமில்லாததற்கு அது தேவலை, அவ்வளவுதான்.

பாம்பன் வேறு கதை. 1914 பிப்ரவரியில் திறந்த பாலம். நடுவில் இரண்டு கைபோல் பிரிந்து மேலே தூக்கும் ஷெர்சர் தூக்குப்பாலம். அதை ஆட்கள் நின்று கையால் சுற்றித்தான் திறப்பார்கள். இங்கிருந்து ரயில், தனுஷ்கோடியில் கப்பல், அக்கரையில் தலைமன்னாரில் மறுபடி ரயில் என்று போட் மெயிலில் கொழும்பு போய் வந்தவர்கள் நம் தெருக்களிலேயே இருந்தார்கள். 1964 டிசம்பர் புயல் ஒரு பாசஞ்சர் வண்டியையே கடலில் கொண்டுபோனது. பாலத்தின் கண்களில் பெரும்பகுதியைப் பெயர்த்துப் போட்டது. தூக்குப்பாலம் மட்டும் அசையவில்லை. அப்போது இளம் பொறியாளராக இருந்த ஸ்ரீதரன் 46 நாளில் பாலத்தை நிமிர்த்தி வண்டியை விட்டார். பிற்காலத்தில் டெல்லி மெட்ரோ போட்ட அதே ஸ்ரீதரன். பழைய பாலத்தில் 2022 டிசம்பரோடு வண்டி நின்றது. பக்கத்திலேயே கட்டிய புதிய பாலம் 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி திறந்தாகிவிட்டது. அதில் நடுக்கண் அப்படியே நேராக மேலே எழும்புகிறது; பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. என் கேள்வி பழையதைப் பற்றி. உப்புக்காற்றில் மொத்தப் பாலத்தையும் காப்பாற்ற முடியாது, அது எனக்கும் புரிகிறது. ஆனால் புயலுக்கே அசையாத அந்த இரண்டு கைகளை இரும்பு விலைக்கு எடை போட்டால் அது பெரிய பாவம். அவற்றைக் கழற்றிக் கரையில் நிறுத்தி, சுற்றுகிற சக்கரத்தை ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை தொட்டுச் சுற்றிப் பார்க்கிற மாதிரி வைக்கலாம்.

செய்ய மனசிருந்தால் முடியும் என்பதற்குச் செங்கோட்டை – புனலூர் பாதை சாட்சி. 1904-இல் மலையைக் குடைந்து போட்ட மீட்டர் கேஜ். அகலப்பாதை ஆக்கும்போது கழுதுருட்டியில் இருக்கிற பதிமூன்று கண் கல்பாலத்தை இடிக்காமல், அதற்கே வலுவேற்றி, 2018 முதல் அதன் மேலேயே பெரிய வண்டியை விட்டிருக்கிறார்கள். சாலையிலிருந்து அண்ணாந்து பார்த்தால் பாலத்தின் முழு அழகும் தெரியும்.

இப்போது வழக்குக்கு வருகிறேன். இத்தனை இடத்துக்கும் போகிற இந்தப் பிள்ளைகளுக்கு, நம்மூருக்கு ரயில் எப்போது வந்தது என்று தெரியவில்லை. பேரனைக் கேட்டேன், கூகுளைப் பார்த்தான். 1879. பிரெஞ்சு ராஜ்யத்துக்குள் வெள்ளைக்காரக் கம்பெனியின் வண்டி. விழுப்புரத்தில் ஏறினால் வளவனூர், சின்னபாபு சமுத்திரம், வில்லியனூர், புதுச்சேரி. இரண்டு ராஜ்யங்களுக்கு நடுவே ஓடிய வண்டி என்பதால் நடுவழியில் சுங்கச் சோதனை உண்டு. பெட்டி படுக்கையைத் திறந்து காட்ட வேண்டும். பட்டும் சரக்கும் கொண்டுபோன பெண்கள் எங்கெங்கே ஒளித்தார்கள் என்று என் தகப்பனார் சொல்லும் கதைகளை இங்கே எழுதுவதற்கில்லை. 1954 நவம்பருக்குப் பிறகு அந்தத் தொல்லை ஓய்ந்தது.

இன்னொன்று சொல்ல வேண்டும், பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்த கோளாறு. மீட்டர் கேஜ் என்கிறோமே, அந்த மீட்டர் பிரெஞ்சுக்காரர்கள் உலகத்துக்குக் கொடுத்த அளவு. இந்தியாவுக்கு மீட்டர் கணக்கைக் கொண்டுவரப் போகிறோம் என்று 1870-ஐ ஒட்டிய வருஷங்களில் ஆங்கிலேய சர்க்காரே நினைத்தது. அதனால்தான் சின்னப் பாதைக்குச் சரியாக ஒரு மீட்டர் அகலம் வைத்தார்கள். மீட்டர் கணக்கு வருவதற்குச் சுதந்திரம் வர வேண்டியிருந்தது. தண்டவாளம் மட்டும் முன்கூட்டியே வந்துவிட்டது. எங்கள் வாத்தியார் 'ஷெமேன் தெ ஃபேர்' என்று கரும்பலகையில் எழுதி, "வார்த்தைக்கு வார்த்தை என்ன?" என்றால், 'இருப்புப் பாதை' என்று ஒரு பையன் சட்டென்று சொல்லிவிடுவான். இரண்டு பாஷையும் ஒரே மாதிரி யோசித்த சொற்களில் அது ஒன்று.

அந்த மீட்டர் கேஜ் எங்கே? பாதையை அகலமாக்கியதை நான் குறை சொல்லவில்லை. வேண்டியதுதான். இன்று இங்கே ஏறினால் டெல்லிக்கும் ஹவுராவுக்கும் போய் இறங்கலாம். ஆனால் பழசில் ஒரு துண்டு தண்டவாளம், ஒரு கைகாட்டி, அட்டை டிக்கெட்டில் தேதி குத்துகிற மிஷின், ஓடுகிற வண்டியிலிருந்து டிரைவர் கை நீட்டி வாங்குவாரே அந்த டோக்கன் வளையம், இவற்றில் ஒன்றையாவது ஜனங்கள் பார்க்கிற மாதிரி ரயிலடியில் வைத்திருக்கிறோமா? இப்போது ஸ்டேஷனைப் புதுப்பிக்கிறார்கள். சரியான தருணம். பெரிய அருங்காட்சியகம் வேண்டாம், அது சென்னையில் ஐ.சி.எஃப்-இல் இருக்கிறது. ஒரு கண்ணாடி அலமாரி, தமிழிலும் பிரெஞ்சிலும் ஒரு பலகை. 1879 என்ற வருஷம் அதில் இருக்கட்டும். எதிரே திரு இருதய ஆண்டவர் பசிலிக்காவைப் பார்க்க வருகிறவர்கள் ஐந்து நிமிஷம் இதையும் பார்ப்பார்கள்.

காரைக்கால் கதை இதைவிட மோசம். பேரளத்திலிருந்து காரைக்காலுக்கு 1898-இல் பாதை வந்தது. எழுபதுகளில் என்னை அங்கே மாற்றல் செய்தபோது மாயவரத்தில் இறங்கி, பேரளத்தில் மாறி, அம்பகரத்தூர், திருநள்ளாறு என்று வயலுக்குள்ளேயே ஊர்ந்து போகிற வண்டியில்தான் போனேன். கொக்கு பறந்து போய் உட்கார்ந்து மறுபடி பறக்கும். வண்டி இன்னும் அங்கேயே இருக்கும். எண்பதுகளில் வருமானம் இல்லை என்று நிறுத்திவிட்டுத் தண்டவாளத்தையும் பிடுங்கினார்கள். 2011-இல் நாகூர் வழியாக அகலப்பாதை வந்ததால் காரைக்காலுக்கு மறுபடி ரயில் கிடைத்தது. பேரளம் பாதையை முப்பது வருஷத்துக்கு மேல் காத்திருந்து, பழைய மேட்டின் மேலேயே புதிதாகப் போட வேண்டிவந்தது. சனிப்பெயர்ச்சிக்குத் திருநள்ளாறில் கூடுகிற கூட்டத்தை எண்ணியவர்கள் அன்று ஒருவரும் கணக்குப் போடவில்லையா என்று ஃபைல் பார்த்துப் பழகிய எனக்கு இன்றும் தோன்றுகிறது. ஒரு பாதையை மூட ஒரு கையெழுத்து போதும். திறப்பதற்கு எத்தனை கையெழுத்து வேண்டும் என்பது சர்க்கார் வேலை பார்த்த எல்லோருக்கும் தெரியும்.

பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்வது ஒன்று உண்டு. தண்டவாளத்தில் இறங்கிப் படம் எடுக்கக் கூடாது. ரயில்வே சட்டம் 147-ஆம் பிரிவில் அத்துமீறலுக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம் என்று இருக்கிறது. அபராதம் பெரிதில்லை. மின்சார எஞ்சின் கரி எஞ்சினைப் போலச் சத்தம் போட்டுக்கொண்டு வராது. காதில் எதையோ சொருகிக்கொண்டு செல்ஃபி எடுக்கிறவனுக்குப் பின்னால் அது வந்து நிற்பதில்லை. பாம்பனில் இதற்கென்றே இந்திரா காந்தி சாலைப் பாலம் இருக்கிறது. அதன் நடைபாதையில் நின்றால் கீழே வண்டி போவது தெளிவாகத் தெரியும். மற்ற ஊர்களில் பிளாட்பாரம் டிக்கெட் வாங்கினால் போதும்.

நம் வயசுக்காரர்களுக்கு நான் சிபாரிசு செய்வது விழுப்புரம். ஐந்து திசைக்குப் பாதை பிரிகிற ஜங்ஷன்: சென்னை, விருத்தாசலம் வழியாகத் திருச்சி, கடலூர் வழியாக மயிலாடுதுறை, திருவண்ணாமலை வழியாகக் காட்பாடி, அப்புறம் நம்மூர். இங்கிருந்து பாசஞ்சரில் போனால் செலவு ஒரு காபியைத் தாண்டாது. பிளாட்பாரத்தில் ஒரு பெஞ்சைப் பிடித்து உட்கார்ந்தால் சரக்கு வண்டியிலிருந்து வந்தே பாரத் வரை எல்லாம் கண் முன்னால் போகும். முழங்கால் வலிக்காரர்களும் போகலாம். ஊட்டி ரயிலுக்குச் சீட்டு கிடைப்பதற்குள் இங்கே பத்து தடவை போய் வந்துவிடலாம்.

அதுவும் முடியாதவர்களுக்குக் கடலூர் ரோட்டில் ஏ.எஃப்.டி. கேட் இருக்கிறது. கேட் மூடினால் எல்லோரும் திட்டுகிறார்கள். நான் வண்டியை ஓரம் கட்டி இறங்கிவிடுவேன். ஒரு பக்கம் ரோடியர் மில். சங்கு ஊதினால் ஊரே கடிகாரத்தைச் சரிசெய்துகொண்ட மில், மூடிவிட்டார்கள். மறு பக்கம் ஹாரன் சத்தம். நடுவில் கேட்கீப்பர் பச்சைக் கொடியோடு வந்து நிற்கிறார். போன மாதம் பேரனை அங்கே கூட்டிப்போனேன். மில்லும் கேட்டும் ரயிலும் ஒரே படத்தில் விழுகிற மாதிரி எடு என்றேன். நாலு படம் எடுத்தான். நாலாவதில் கேட்கீப்பர் காமிராவைப் பார்த்துச் சிரித்துவிட்டார். அதைத்தான் பிரிண்ட் போட்டு என் மேஜை மேல் வைத்திருக்கிறேன். கேட்கீப்பருக்கு ஒரு பிரதி கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.