அணைத்துப் போட்டால் போதுமா?



நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தெருவில் இரண்டே வீடுகளில்தான் டெலிவிஷன் பெட்டி இருந்தது. படம் மறைந்துவிட்டால் அந்த வீட்டுப் பெரியவர் எழுந்து போய்ப் பெட்டியின் தலையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டுவார். சில சமயம் படம் வந்துவிடும். "தட்ட வேண்டிய இடத்தில் தட்ட வேண்டும், தெரியுமா?" என்பார். ஏன் வந்தது என்று யாரும் கேட்டதில்லை. உள்ளே ஓர் இணைப்பு பற்றாசு விட்டுப் போயிருக்கும். தட்டிய அதிர்ச்சியில் மீண்டும் தொட்டுக்கொண்டிருக்கும். மறுநாள் மறுபடியும் விட்டுப்போகும், மறுபடியும் தட்டுவார்.

இன்று நாம் பெட்டியைத் தட்டுவதில்லை. "அணைத்துப் போடு, சரியாகிவிடும்" என்கிறோம். காரணத்தைக் கேட்காமல் செய்தால், அணைத்துப் போடுவதும் தலையில் தட்டுவதும் ஒன்றே என்பது என் கருத்து. சென்ற ஆண்டு எங்கள் இயற்பியல் துறையில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியைக் கொண்டே இதை விளக்குகிறேன்.

விழிக்காத திரை

எங்கள் ஆய்வகத்தில் ஒரு லேப்டாப் இருக்கிறது. பெரிய திரை, விசைப்பலகை, மவுஸ், நெட்வொர்க் கம்பி ஆகிய அனைத்தும் 'டாக்' எனப்படும் ஒரு சிறு பெட்டியில் செருகப்பட்டிருக்கும். அந்தப் பெட்டியிலிருந்து ஒரே ஒரு கம்பி லேப்டாப்புக்கு வரும். கப்பல் வந்து கட்டி நிற்கும் துறைக்கு ஆங்கிலத்தில் டாக் என்று பெயர் அல்லவா? அதுபோல லேப்டாப் வந்து சேரும் துறை இது. 1992-இல் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட பவர்புக் டுயோ என்ற லேப்டாப்பை, வீடியோ கேசட்டைச் செருகுவது போல, அப்படியே ஒரு பெட்டிக்குள் தள்ளிவிடலாம். இன்று ஒரு கம்பியே போதும்.

காலையில் எல்லாம் ஒழுங்காக வேலை செய்யும். மதிய உணவுக்குப் போகும்போது மூடியை மூடுவோம், லேப்டாப் தூங்கிவிடும். திரும்பி வந்து திறந்தால் லேப்டாப்பின் சொந்தத் திரை ஒளிரும். பெரிய திரை மட்டும் இருண்டே கிடக்கும். விசைப்பலகையும் பேசாது.

ஒவ்வொருவரும் ஒரு வைத்தியம் வைத்திருந்தார்கள். ஒருவர் கம்பியைப் பிடுங்கிச் செருகுவார். ஒருவர் திரையின் பொத்தானை நெடுநேரம் அழுத்துவார். "மூடியை இரண்டு முறை மூடித் திறக்கவும்" என்று எழுதி மேசையில் ஒட்டியே வைத்துவிட்டார் இன்னொருவர். சில நாட்களில் பேச்சு வேறு திசையில் போயிற்று. ஆய்வக உதவியாளர் துடைக்கும்போது கைபட்டுத்தான் டாக் கெட்டுவிட்டது என்றார்கள். புதிய டாக் வாங்க வேண்டும் என்று ஒரு கடிதம் தயாராகி, கையெழுத்துக்காக என் மேசைக்கு வந்தது.

புறாக்கள் சொன்ன பாடம்

அப்போது எனக்கு ஒரு பழைய சோதனை நினைவுக்கு வந்தது. அமெரிக்க உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் 1948-இல் வெளியிட்டது. பசித்த புறாக்களைத் தனித்தனிக் கூண்டுகளில் வைத்தார். புறா என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும், குறித்த இடைவெளியில் தானியம் தானாக வந்தது. என்ன நடந்தது? எட்டுப் புறாக்களில் ஆறு, தமக்கென ஒரு சடங்கை உண்டாக்கிக்கொண்டன! தானியம் வந்த வேளையில் தற்செயலாகச் சுற்றிய புறா, சுற்றிக்கொண்டே இருந்தது. தலையை ஆட்டிய புறா, ஆட்டிக்கொண்டே இருந்தது.

நம் 'மூடியை இரண்டு முறை மூடித் திறத்தல்' எந்த வகையைச் சேர்ந்தது? அதைச் சோதித்துத்தான் அறிய வேண்டும். முதலாம் ஆண்டு மாணவர்கள் இருவரை அழைத்து, 40 பக்க நோட்டு ஒன்றைக் கொடுத்தேன். "எதையும் சரிசெய்ய வேண்டாம். நடப்பதை மட்டும் எழுதுங்கள்" என்றேன்.

நோட்டு காட்டிய வழி

முதல் வாரத்தில் தெரிந்தது இது. 5 நிமிடம், 15 நிமிடம் தூங்க வைத்தால் ஒவ்வொரு முறையும் பெரிய திரை ஒளிர்ந்தது. ஒரு மணி நேர மதிய இடைவேளைக்குப் பிறகு ஒளிரவில்லை. மூடி வைத்தியத்தை 12 முறை செய்து பார்த்ததில் 5 முறைதான் பலித்தது. பலித்த 5 முறையைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருந்தார்கள். பலிக்காத 7 முறையை மறந்துவிட்டார்கள்.

"சார், நெடுநேரம் தூங்கினால் கெடுகிறது" என்றார்கள் மாணவர்கள். நானும் ஏறக்குறைய நம்பிவிட்டேன். ஆனால் ஒரு கேள்வி மிச்சமிருந்தது. மதிய வேளையில் நேரத்தைத் தவிர வேறு எதுவும் மாறவில்லையா?

மறுநாள் இருவரும் சாப்பாட்டுப் பொட்டலத்துடன் ஆய்வகத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள். உதவியாளர் வந்தார். சன்னலைச் சாத்தினார். சுவர்ப் பலகையில் இருந்த சுவிட்சை அணைத்தார். டாக்குக்கு மின்சாரம் தரும் அடாப்டர் அந்தச் சுவிட்சில்தான் செருகப்பட்டிருந்தது! திரும்பி வருகிறவர்கள் முதலில் லேப்டாப் மூடியைத் திறப்பார்கள். பிறகுதான் சுவிட்சைப் போடுவார்கள். தினமும் எல்லோர் கண்ணெதிரே நடந்த செயல் இது. அதனாலேயே ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை.

இப்போது மாறும் காரணிகள் இரண்டு: தூக்கத்தின் நீளம், சுவிட்ச். ஆகவே நான்கு வகையிலும் ஐந்தைந்து முறை சோதித்தார்கள்.

குறுந்தூக்கம், சுவிட்ச் அணைக்கவில்லை: 5 முறையும் திரை ஒளிர்ந்தது.
நெடுந்தூக்கம், சுவிட்ச் அணைக்கவில்லை: 5 முறையும் ஒளிர்ந்தது.
குறுந்தூக்கம், சுவிட்ச் அணைத்தது: 4 முறை ஒளிரவில்லை.
நெடுந்தூக்கம், சுவிட்ச் அணைத்தது: 5 முறையும் ஒளிரவில்லை.

நேரம் குற்றவாளி அன்று. நேரமும் சுவிட்சும் எப்போதும் சேர்ந்தே வந்ததால், ஒன்றின் பழி மற்றொன்றின்மேல் விழுந்திருந்தது.

உதவியாளரிடம் கேட்டேன். "சார், போகும்போது சுவிட்சை அணைச்சுட்டுப் போகச் சொன்னதே நீங்கதானே!" என்றார். உண்மைதான். மின்சாரத்தை மிச்சப்படுத்த நான் சொன்னதை அவர் ஒரு நாளும் தவறாமல் செய்திருக்கிறார். அவர்மேல் பழி போட இருந்தோம்.

தூக்கத்தில் என்ன நடக்கிறது?

தூங்கும் லேப்டாப் முழுமையாக அணைந்துவிடுவதில்லை. அதன் நினைவகத்தில் ஒவ்வொரு துணுக்குச் செய்தியும் ஒரு மிகச் சிறிய மின்தேக்கியில் மின்னூட்டமாக இருக்கிறது. அந்த மின்னூட்டம் கசிந்துகொண்டே இருக்கும். ஆகவே பொதுவாக 64 மில்லி விநாடிக்குள் ஒரு முறை, அதாவது விநாடிக்குச் சுமார் 16 முறை, ஒவ்வொன்றையும் படித்து மீண்டும் நிரப்ப வேண்டும். தூக்கத்திலும் இந்த வேலை நடந்துகொண்டே இருக்கும். அதனால்தான் மூடியைத் திறந்ததும் நீங்கள் விட்ட இடத்திலிருந்தே எல்லாம் தொடர்கிறது.

லேப்டாப்பும் டாக்கும் முதன்முதலில் சேரும்போது ஒரு நீண்ட உரையாடல் நடக்கிறது. யுஎஸ்பி-சி என்ற அந்தச் செருகியில் 24 முனைகள் உண்டு. அவற்றில் சில, பேச்சுவார்த்தைக்கென்றே உள்ளவை. மின்சாரம் பெறும் பக்கம் அம்முனையில் 5.1 கிலோ ஓம் மின்தடையைக் காட்டும். உங்கள் பாடத்தில் வரும் அதே மின்தடைதான். அதைக் கண்டதும் கொடுக்கும் பக்கம் முதலில் 5 வோல்ட் மட்டும் தரும். "எனக்கு 20 வோல்ட் வேண்டும்" என்று இது கேட்கும். "தருகிறேன்" என்று அது ஒப்புக்கொள்ளும். 20 வோல்ட்டில் 5 ஆம்பியர் என்றால் 100 வாட். 2021-இல் வந்த விதிகளின்படி இது 240 வாட் வரை போகலாம்.

மின்சாரப் பேச்சு முடிந்ததும் படப் பேச்சு. எந்தக் கம்பிகளில் படம் செல்வது என்று முடிவாகும். தன் அளவு, தன் திறன் ஆகியவற்றைத் திரை, குறைந்தது 128 பைட் கொண்ட ஒரு குறிப்பாகச் சொல்லும். பிறகு விசைப்பலகைக்கும் மவுஸுக்கும் ஆளுக்கொரு முகவரி எண் கொடுக்கப்படும். 1 முதல் 127 வரை எண்கள் உண்டு. இத்தனையும் சில விநாடிகளில் நடந்துவிடுகிறது.

இப்போது சுவிட்சை அணைத்தால் என்ன ஆகும்? லேப்டாப்புக்குச் சொந்த மின்கலம் இருக்கிறது. பழைய ஒப்பந்தம் அதன் நினைவில் பத்திரமாக இருக்கும். டாக்குக்கு மின்கலம் இல்லை. அது எல்லாவற்றையும் மறந்துவிடும். விழித்தபின் ஒருவர் சரணத்தைப் பாடுகிறார். மற்றவர் பல்லவியைத் தொடங்குகிறார். கச்சேரி எப்படி நடக்கும்?

நன்றாக அமைந்த கருவிகள் இந்தப் பிசகை உணர்ந்து, பேச்சை முதலிலிருந்து தொடங்கிவிடும். எங்கள் டாக்கின் உள்நிரல் அதில் தடுமாறியது. சுவிட்சை முதலில் போட்டு, அரை நிமிடம் பொறுத்து, பிறகு மூடியைத் திறந்தபோது 10-க்கு 10 முறையும் திரை ஒளிர்ந்தது. பின்னர் டாக்கைத் தயாரித்தவர்கள் வெளியிட்டிருந்த புதிய உள்நிரலை ஏற்றினோம். அதன்பின் மூடியை முதலில் திறந்தாலும் 10-க்கு 10 முறையும் ஒளிர்ந்தது. மூடி வைத்தியம் சில முறை பலித்ததன் காரணமும் இப்போது விளங்குகிறது. மூடித் திறக்கும் நேரத்தில் டாக் தயாராகிவிடும். லேப்டாப்பும் மறுபடி விசாரிக்கும். சடங்குக்குள் ஒரு துளி உண்மை இருந்தது. ஆனால் அதைச் சடங்கு செய்தவர்கள் அறிந்திருக்கவில்லை.

என் கருத்து

அணைத்துப் போடுவதே தவறு என்று நான் சொல்லவில்லை. கருவியை நமக்குத் தெரிந்த ஒரு தொடக்க நிலைக்குக் கொண்டுவருவது நல்ல முறைதான். அளக்கும் முன் மீட்டரின் முள்ளைச் சுழியில் வைக்கிறோமே, அதுபோல. ஆனால் அணைத்துப் போட்டவுடன் தடயம் அழிந்துவிடுகிறது. திருட்டு நடந்த வீட்டைப் போலீஸ் வருமுன் பெருக்கிவிடுவது போன்றது அது. முதலில் பாருங்கள், எழுதுங்கள், பிறகு அணையுங்கள்.

இதில் இன்னொரு சூட்சுமமும் உண்டு. 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல், 'ஷட் டவுன்' கொடுத்தாலும் பல கணினிகள் முழுமையாக மறப்பதில்லை. மறுநாள் விரைவாகத் தொடங்குவதற்காக ஒரு பகுதி நினைவை வட்டில் எழுதி வைத்துக்கொள்கின்றன. 'ரீஸ்டார்ட்' கொடுத்தால்தான் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். "அணைத்துப் போட்டேன், பயனில்லை" என்று சொல்கிறவர் பல நேரங்களில் அணைக்கவே இல்லை!

உங்கள் பள்ளியிலோ வீட்டிலோ இதுபோல் நேர்ந்தால் இந்த வரிசையைப் பின்பற்றுங்கள்.

1. எந்த விளக்கு எரிகிறது, எது எரியவில்லை, கடைசியாக என்ன செய்தோம் என்று எழுதுங்கள்.
2. டாக்கின் அடாப்டருக்கு மின்சாரம் வருகிறதா என்று பாருங்கள்.
3. திரையை டாக் இல்லாமல் நேரே லேப்டாப்பில் இணையுங்கள். ஒளிர்ந்தால் திரைமேல் பழி இல்லை.
4. கம்பியை மாற்றிப் பாருங்கள். ஒரே வடிவச் செருகி உடைய எல்லாக் கம்பிகளும் படத்தைச் சுமப்பதில்லை. மின்னேற்றத்துக்கு மட்டும் ஏற்ற கம்பிகளும் உண்டு.
5. டாக்கிலிருந்து லேப்டாப் கம்பியையும் அடாப்டரையும் எடுத்துவிட்டு அரை நிமிடம் பொறுங்கள். உள்ளே உள்ள மின்தேக்கிகள் வடிய நேரம் வேண்டும்.
6. 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். அதன்பின்தான் உள்நிரலைப் புதுப்பிப்பது.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றை ஒன்றாக மாற்றினால் திரை ஒளிரலாம், அறிவு ஒளிராது. அடாப்டரை மட்டும் ஒருபோதும் பிரிக்காதீர்கள். அதற்குள் வருவது 230 வோல்ட்.

ஒரு திரைக்காக இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்பீர்கள். 2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு சேர்ந்தது. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகக் கணக்கில் உள்ளது நான்கில் ஒரு பங்குகூட இல்லை. பழுதே இல்லாத எங்கள் டாக்கும் அந்தக் குவியலுக்குப் போயிருக்கும். அதைவிட எனக்கு உறுத்துவது வேறு. சொன்ன வேலையைச் சரியாகச் செய்த ஒரு மனிதர், எங்கள் அவசரத்தால் கெட்ட பெயர் வாங்கியிருப்பார்.

அந்தக் கடிதத்தில் நான் கையெழுத்திடவில்லை. மேசையில் இருந்த சீட்டையும் மாற்றிவிட்டோம். "முதலில் சுவிட்ச், பிறகு மூடி" என்று இப்போது எழுதியிருக்கிறது. அதன் கீழே காரணத்தையும் மூன்று வரியில் எழுதி வைத்திருக்கிறார்கள் மாணவர்கள். புதிய உள்நிரல் வந்தபின் அந்தச் சீட்டு தேவையில்லை என்றார் உதவியாளர். ஆனாலும் எடுக்க மனம் வரவில்லை.

உங்கள் பள்ளிக் கணினி அறையில் என்ன சீட்டு ஒட்டியிருக்கிறது? நாளை போய்ப் படித்துப் பாருங்கள். காரணம் எழுதியிராவிட்டால் 40 பக்க நோட்டு ஒன்றை வாங்குங்கள்.