கைதட்டச் சொல்லும் நாடகம்

டிங்கர் பெல்லாக நடிக்க ஆள் கிடையாது. கண்ணாடியில் பட்டுத் தெறிக்கும் ஒரு பொட்டு வெளிச்சமும் மணிச் சத்தமும்தான் அந்தக் குட்டித் தேவதை. பீட்டருக்கு வைத்த விஷத்தைத் தான் குடித்துவிட்டு, அந்த வெளிச்சம் மங்கத் தொடங்குகிறது. தேவதைகளை நம்புகிறவர்கள் கைதட்டுங்கள், அவள் பிழைத்துக்கொள்வாள் என்று பார்வையாளர்களிடம் கெஞ்சுகிறான் பீட்டர்.

1904 டிசம்பர் 27 அன்று லண்டன் டியூக் ஆஃப் யார்க் அரங்கில் ‘பீட்டர் பான்’ முதன்முதலாக மேடையேறியபோது, அதை எழுதிய ஜே.எம். பாரிக்கு இந்த இடத்தில்தான் உதறல். யாரும் தட்டாவிட்டால், வாத்தியங்களைக் கீழே வைத்துவிட்டு நீங்களாவது தட்டுங்கள் என்று இசைக்குழுவிடம் சொல்லிவைத்திருந்தார். வந்திருந்தவர்களில் பெரும்பாலோர் பெரியவர்கள். முதல்நாள் கூட்டம் லேசில் மசியுமா? ஆனால் அரங்கமே தட்டியது. பீட்டராக நடித்த நீனா பூசிகோ அழுதேவிட்டாராம்.

‘குடும்பத்தோடு காணலாம்’ என்று விளம்பரம் செய்யும் நிகழ்ச்சிகளில் பெரியவர்களுக்கு என்ன வேலை? டிக்கெட் எடுப்பது, பிள்ளைகளின் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொள்வது. பாரி அவர்களைச் சும்மா உட்காரவிடவில்லை. நாடகத்தில், மருந்தைத் தைரியமாகக் குடி என்று மகனுக்குப் புத்தி சொல்லும் அப்பா டார்லிங், தன் பங்கு மருந்தை நாயின் கிண்ணத்தில் ஊற்றி ஏமாற்றுகிறார். அன்று அந்த அப்பாவாகவும் கொள்ளைக்காரன் ஹூக்காகவும் நடித்தவர் ஒருவரே, ஜெரால்டு டு மாரியர். பிள்ளைகள் சிரிக்கும்போது பக்கத்து இருக்கை அப்பாக்கள் கொஞ்சம் நெளிந்திருப்பார்கள்.

நடிகர்கள் மேடையில் பறப்பதற்கு ஜார்ஜ் கர்பி கம்பியும் இடுப்புப் பட்டையும் அமைத்துக் கொடுத்தார். பார்த்துவிட்டு வீடு திரும்பிய சில பிள்ளைகள் கட்டிலிலிருந்து பறக்கப் பார்த்து, அடிபட்டு, சிகிச்சை வரை போனதாக பாரியே எழுதியிருக்கிறார். பெற்றோர் முறையிட்டார்கள். இன்றென்றால், ‘இது வித்தை, வீட்டில் முயலாதீர்’ என்று ஓர் அறிவிப்போடு முடிந்திருக்கும். பாரி கம்பியைக் காட்டிக்கொடுக்கவில்லை. தேவதைத் தூள் மேலே படாமல் யாராலும் பறக்க முடியாது என்று நாடகத்திலேயே சேர்த்தார். பிள்ளையின் எலும்பும் தப்பியது, நம்பிக்கையும் தப்பியது. பெரியவர் ஒருவர் செய்யக்கூடிய மிகப் பொறுப்பான காரியம் இது என்பேன்.

1953-இல் வந்த டிஸ்னி படத்தில் டிங்கர் பெல்லுக்கு முகமும் உடம்பும் முளைத்தன. கைதட்டக் கேட்கும் காட்சி காணாமல் போனது. சினிமாவுக்கு அது சரிதான், திரைக்குக் கைதட்டல் கேட்காது. மேடைக்கு அந்தச் சாக்கு இல்லை. அங்கேயும் பின்னால் திரை கட்டி, தேவதையின் இறக்கை நரம்பு வரை ஒளியால் வரைந்துகாட்டும் நாடகக்காரர்கள், பார்க்க வந்தவர்கள் செய்ய வேண்டிய வேலையையும் தாங்களே செய்து முடித்துவிடுகிறார்கள்.