நான்காம் நாளும் இடம் உண்டு

நெய்வேலி நகரியம்: கொள்கைப் பிரகடனம்

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். எங்கள் கவலை நான்காம் நாளில் தொடங்குகிறது. நண்பன் வீட்டிலோ சித்தப்பா வீட்டிலோ மூன்று நாள் தங்கிய பிள்ளை நான்காம் நாள் எங்கே போகிறது என்று இந்த ஊர் கேட்டதில்லை. அதைக் கேட்கவும் பதில் தேடவும் நெய்வேலியின் தொழிலாளர்கள், ஓய்வு பெற்றோர், ஆசிரியர்கள், மாணவர்கள், சுற்றுக் கிராமத்தார் ஆகிய நாங்கள் ஓர் இயக்கமாகக் கூடுகிறோம்.

1. நாங்கள் காண்பது

நடைபாதை, ரயில் மேடை, மேம்பாலத்தின் அடி, கோயில் மண்டபம் ஆகிய இடங்களில் படுப்பவர்களையே மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வீடற்றோர் என்று எண்ணுகிறது. 2011 கணக்கில் நாடு முழுவதும் அவர்கள் சுமார் 17.7 லட்சம் பேர். இன்னொருவர் கூரைக்கடியில் ஒண்டிக்கொண்டிருப்பவர் அந்தக் கணக்கில் வரமாட்டார். எங்கள் பிள்ளைகள் அப்படி ஒண்டியிருப்பவர்கள்.

டிப்ளமோ முடித்து, அப்ரண்டிஸும் முடித்து, வேலைக்கு அலையும் பையன் ஒருவனைப் பாருங்கள். நண்பன் நைட் ஷிப்ட் போகும் வாரம் அவனுடைய கட்டில் இவனுக்கு. ஷிப்ட் மாறினால் வேறு வட்டம் (நகரியத்தின் பிளாக்), வேறு நண்பன். துணிப்பை ஒரு வீட்டில், சான்றிதழ் ஃபைல் ஒரு வீட்டு பீரோவில், குளியல் இன்னொரு வீட்டில். யார் விசாரித்தாலும் "ஃப்ரெண்ட் ரூம்ல இருக்கேண்ணா" என்பான். சாப்பிடக் கூப்பிட்டால் வாசலிலேயே "ஆச்சுண்ணா" என்பான். பல நாள் அது பொய்.

சித்தி வீட்டில் தங்கியிருக்கும் பெண்ணைப் பாருங்கள். வாசல் தெளிப்பது முதல் ராத்திரி பாத்திரம் கவிழ்ப்பது வரை எல்லாம் அவள் கை. அதை வாடகை என்று அந்த வீட்டில் யாரும் சொல்வதில்லை. விட்ட படிப்பைப் பற்றி அவளும் பேசுவதில்லை. சித்தியின் முகம் மாறினால் போக வேறு இடமில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

சாதி மாறிக் காதலித்து வீட்டை விட்டு வந்தவர்கள், திருநங்கை அல்லது திருநம்பி என்று தெரிந்ததும் வெளியேற்றப்பட்டவர்கள், குடிக்கும் அப்பாவுக்குப் பயந்து வெளியே படுப்பவர்கள், 18 வயதானதும் காப்பகத்தை விட்டு வந்தவர்கள் என்று இந்த வரிசை நீளும்.

2. இங்கே இது ஏன் நேர்கிறது

நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956இல் பிறந்தது. 1957 மே 20 அன்று நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். கிராமங்கள் நகர்ந்தன, அவற்றின் மண்ணில் வட்டம் வட்டமாக நகரியம் எழுந்தது. மரமும் பள்ளியும் மருத்துவமனையும் விளையாட்டுத் திடலும் உள்ள அருமையான ஊர். ஆனால் இங்கே வீடு வேலையோடு வருகிறது, வேலையோடு போய்விடுகிறது. அப்பா ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். பணிக்கொடை அக்கா கல்யாணத்துக்கும் பழைய கடனுக்கும் போய்விட்டால், பெற்றோர் தாத்தா ஊருக்குத் திரும்புகிறார்கள். பிறந்து, படித்து, பந்து விளையாடி வளர்ந்த ஊரில் பிள்ளைக்கு ஒரு சென்ட்கூட இல்லை.

ஒப்பந்தத் தொழிலாளி அதே சுரங்கத்திலும் அதே அனல்மின் நிலையத்திலும் உழைக்கிறார். குவார்ட்டர்ஸுக்கு மட்டும் அவர் வெளியாள். இந்திரா நகரிலும் வடக்குத்திலும் மந்தாரக்குப்பத்திலும் வாடகைக்கு ஓர் அறை எடுத்தால் அதில் ஐந்து பேர். நிலம் கொடுத்த குடும்பத்துக்கு மாற்றுக்குடியிருப்பில் கிடைத்தது ஒரு மனை. தாத்தாவுக்குப் போதுமாக இருந்த அது பேரப்பிள்ளைகளுக்குப் போதவில்லை. 2023 ஜூலையில் சுரங்க விரிவாக்கப் பணிக்காக வளையமாதேவியில் வளர்ந்து நின்ற நெற்பயிருக்குள் பொக்லைன் இறங்கியதை நாடே பார்த்தது. நிலத்தோடு அந்த வீட்டுப் பிள்ளைகளின் அடுத்த பத்தாண்டுத் திட்டமும் போகிறது என்பதை நாங்கள் பக்கத்திலிருந்து பார்க்கிறோம்.

முதல் அனல்மின் நிலையம் 2020இல் மூடப்பட்டது. நிரந்தர வேலை சுருங்குகிறது. அதனால் பூட்டிக் கிடக்கும் குவார்ட்டர்ஸ்களும் இங்கே உண்டு. ஒரு தெருவில் பூட்டிய வீடு, அடுத்த தெருவில் படுக்க இடமில்லாத பிள்ளை. இந்த முரண்பாட்டைத் தீர்க்க முடியும் என்பதால்தான் இயக்கம் தொடங்குகிறோம்.

3. எங்கள் கொள்கை

அ. படுக்க இடம் என்பது வேலைக்கான சன்மானம் அன்று. உறவினரின் பொறுமைக்கு உட்பட்ட சலுகையும் அன்று. அது உரிமை.

ஆ. கூரை இருந்தால் வீடு இருக்கிறது என்று அர்த்தமில்லை. சாவி, முகவரி, கதவைத் தாழிட்டுக்கொள்ளும் உரிமை, நாளைக்கும் இங்கேதான் என்ற நிச்சயம் ஆகிய நான்கும் சேர்ந்தால்தான் வீடு.

இ. உதவி கேட்பவரிடம் காரணம் கேட்டு நிறுத்தி வைக்கமாட்டோம். பக்கத்து வடலூரில் 1867 மே 23 அன்று வள்ளலார் தருமச்சாலையைத் தொடங்கினார். அங்கே மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை; வருபவரிடம் சாதியும் ஊரும் கேட்பதில்லை. பசிக்கு இந்த மண் கண்ட நெறி தூக்கத்துக்கும் பொருந்தும்.

ஈ. வீட்டை விட்டு வந்த பிள்ளையைக் குற்றவாளியாகவும் ஓடுகாலியாகவும் பேசுவதை நிறுத்துவோம். சாதி மாறி மணந்ததற்காகப் புதுக்கூரைப்பேட்டையில் 2003இல் கொல்லப்பட்ட கண்ணகி, முருகேசன் கதை இதே கடலூர் மாவட்டத்துக் கதை. சில பிள்ளைகளுக்கு வீட்டைவிட ஆபத்தான இடம் வேறில்லை.

4. நாங்கள் செய்யப்போவது

வட்டத்துக்கு ஒரு வீடாவது சில இரவுகள் தங்க இடம் தரும். இங்கிலாந்தில் 'நைட்ஸ்டாப்' என்ற பெயரில் தன்னார்வலர்கள் தங்கள் வீட்டு அறையை ஓர் இரவுக்கு இளைஞர்களுக்குத் தருகிறார்கள். பின்னணி விசாரித்து, பயிற்சி தந்த பிறகே அங்கே ஒரு வீட்டைச் சேர்க்கிறார்கள். நாங்களும் அப்படியே செய்வோம். குவார்ட்டர்ஸில் குடியிருப்போர் விதிக்கு உட்பட்டே இடம் தருவார்கள். பெண்களைப் பெண்கள் பொறுப்பில் உள்ள வீட்டில் மட்டுமே தங்கவைப்போம்.

18 வயது நிரம்பாதவர் வந்தால் நாங்களாக வைத்துக்கொள்ளமாட்டோம். குழந்தைகள் உதவி எண் 1098க்குச் சொல்லி, சட்டப்படி 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக்குழுவிடம் சேர்ப்போம். சேர்த்த பிறகும் போய்ப் பார்ப்போம்.

சான்றிதழ்களைப் பத்திரமாக வைக்க ஒரு பூட்டுள்ள அலமாரி, கடிதம் வர ஒரு முகவரி, குளிக்க இடம், போன் சார்ஜ் போட ஒரு பிளக் பாயின்ட் தருவோம். ஆதாரில் முகவரி மாற்ற அரசிதழ் பதிவு பெற்ற அலுவலர், தாசில்தார், சட்டமன்ற உறுப்பினர் போன்றோர் தரும் சான்று செல்லும். அதைப் பெற எங்கள் ஆட்கள் கூடவே வருவார்கள். முகவரி இல்லாததால் ஒரு விண்ணப்பமும் நின்றுபோகக் கூடாது.

5. எங்கள் கோரிக்கைகள்

நிறுவனத்திடம்: பூட்டிக் கிடப்பவற்றில் குடியிருக்கத் தகுந்த குவார்ட்டர்ஸ்களை அப்ரண்டிஸ்களுக்கும், ஒப்பந்தத் தொழிலாளர் பிள்ளைகளுக்கும், நிலம் கொடுத்த குடும்பத்து இளைஞர்களுக்கும் குறைந்த வாடகை விடுதியாக்குங்கள். ஓய்வு பெறுபவர் வீட்டைக் காலி செய்யும்போது, படிப்பை முடிக்காத பிள்ளைக்குக் கல்வியாண்டு முடியும்வரை அவகாசம் கொடுங்கள்.

அரசிடம்: நகரங்களில் லட்சம் பேருக்கு ஓர் இரவுக் காப்பகம் என்பது ஏற்கெனவே உள்ள அளவுகோல். நகரியத்தின் மக்கள்தொகை 2011லேயே லட்சத்தைத் தாண்டியது. நகராட்சி இல்லை என்பது சாக்காகக் கூடாது. பணிபுரியும் பெண்களுக்கான தோழி விடுதி ஒன்று இங்கே வேண்டும். சாதி மாறி மணப்போருக்குப் பாதுகாப்பு இல்லங்கள் பற்றி 2018இல் உச்ச நீதிமன்றம் சொன்னதை இந்த மாவட்டத்தில் நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும்.

ஊரிடம்: "இன்னும் எத்தனை நாள் இருப்பே?" என்று கேட்பதற்கு முன் எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். வாடகை வீட்டுக்காரர்களே, "பேச்சிலருக்கு இல்லை" என்ற பலகையை எடுத்துவிடுங்கள். முன்பணத்துக்குப் பொறுப்பேற்க இரண்டு பேரை நாங்கள் நிறுத்துகிறோம்.

6. நாங்கள் செய்யாதவை

தங்க வந்தவரின் புகைப்படத்தையோ பெயரையோ வெளியிடமாட்டோம். அவர்களை வைத்து நன்கொடை திரட்டமாட்டோம். மதம், கட்சி, சங்கம் எதற்கும் ஆள் சேர்க்கமாட்டோம். இடத்துக்குப் பதிலாக வேலை வாங்கமாட்டோம். பெற்றோரிடம் திரும்பிப் போகச் சொல்லி வற்புறுத்தமாட்டோம். போக விரும்பினால் நடுவில் நின்று பேசுவோம்.

7. உறுப்பினர் ஆக

சந்தா கிடையாது. ஆதரவு தெரிவித்து வெறும் கையெழுத்துப் போட்டால் மட்டும் போதாது. பெயருக்கு எதிரே இவற்றில் ஒன்றையாவது எழுத வேண்டும்: மாதத்தில் எத்தனை இரவு இடம் தருவீர்கள், எந்த அலுவலகத்துக்குக் கூட வருவீர்கள், யாருடைய முன்பணத்துக்குப் பொறுப்பேற்பீர்கள். ஒன்றும் எழுத முடியாதவர், தன் தெருவில் ஒண்டியிருக்கும் பிள்ளையிடம் எங்களைப் பற்றிச் சொல்லட்டும். அதையும் உறுப்பினர் கடமையாகவே ஏற்போம்.