66 அடிச் சங்கிலி

வெள்ளையன் 1947-இல் கப்பலேறினான். அவன் நம் மண்ணை அளந்த சங்கிலி மட்டும் கப்பலேறவில்லை! 66 அடி நீளம், 100 கண்ணிகள். 1620-ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தில் எட்மண்ட் கன்ட்டர் என்பார் வகுத்த அளவுச் சங்கிலி அது. பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். அதில் நூற்றில் ஒரு பங்கு ஒரு சென்ட். அருப்புக்கோட்டைக் கரிசலிலும் திருச்சுழி மானாவாரியிலும் இன்றளவும் நிலம் விலை பேசப்படுவது இந்தச் சங்கிலியின் மொழியில்தான்.

சட்டம் இல்லையா? உண்டு. 1956-இல் எடையளவுத் தரச் சட்டம் இயற்றப்பட்டது. 1957 ஏப்ரல் முதல் நாள் ரூபாய்க்கு 100 காசு என்றாயிற்று. 1958 அக்டோபரில் மெட்ரிக் எடை கடைக்கு வரத் தொடங்கிற்று. வீசைக்கு 40 பலம், மணங்குக்கு 8 வீசை, ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை என்று பிள்ளைகளின் தலையில் ஏற்றப்பட்டிருந்த சுமை இறங்கிற்று. இன்று அணாவுக்காக அழுவார் உண்டா? வீசை போயிற்றே என்று விம்முவார் உண்டா? இல்லை. கடைத்தெருவில் வென்ற பகுத்தறிவு, காட்டு வரப்பில் ஏன் நின்றுவிட்டது?

தோழர்களே, ஒரு பட்டாவைக் கையில் எடுத்துப் பாருங்கள். அங்கே ஹெக்டேர், ஏர். பேரம் பேசுகையில் ஏக்கர், சென்ட். அந்த நிலமே மனையாகிவிட்டால் சதுர அடி. முதியோர் வாயிலோ 'குறுக்கம்'. நிலம் ஒன்று, அதற்கு நாக்கு நான்கு! பட்டாவில் 0–40.50 என்றிருந்தால், அது 40.50 ஏர், அதாவது முழுதாக ஓர் ஏக்கர். எழுத்துக்கூட்டிப் படிக்கும் ஏழை உழவனிடம், "என்னய்யா, நாற்பது சென்டுதானே" என்று ஒரு தரகன் சொல்லிவிட்டால்? 60 சென்ட் ஒரே சொல்லில் மறைந்துபோம்! கத்தி வேண்டாம், கன்னக்கோல் வேண்டாம். அலகை மாற்றிச் சொன்னால் போதும். இரண்டு கணக்கு உள்ள இடத்தில் மொழிபெயர்ப்பவனே முதலாளி.

பள்ளியில் நாங்கள் சொல்லித் தருவது, 10,000 சதுர மீட்டர் ஒரு ஹெக்டேர் என்று. மாணவன் மனப்பாடம் செய்கிறான், மதிப்பெண்ணும் பெறுகிறான். வீட்டிலே தந்தை சென்ட் கணக்கில் விற்கும்போது, கற்ற கல்வி கைகட்டி நிற்கிறது. வாழ்வுக்கு உதவாத கணக்கைக் கற்பிப்பதற்கா இத்தனை பள்ளிகள்?

நிலத்தை விடுங்கள், வானம் பார்த்த இந்தப் பூமியில் தண்ணீரின் கதை என்ன? மழை பெய்தால் மில்லிமீட்டர் என்கிறது வானிலை நிலையம். 'இரண்டு உழவு மழை' என்கிறார் உழவர். கண்மாயின் கொள்ளளவு மில்லியன் கன அடி. அணைக்கு டி.எம்.சி., அதாவது நூறு கோடி கன அடி. குடத்துக்கு வரும் தண்ணீரோ லிட்டர்! மக்களுக்குப் புரியாத மொழியில் மந்திரம் ஓதுவதை எதிர்த்தோமே, புரியாத அலகில் தண்ணீர்க் கணக்கு ஓதுவதை மட்டும் ஏற்பதா?

மெட்ரிக் முறையின் எளிமையைப் பாருங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 100 சதுர மீட்டர்க் கூரையில் 20 மில்லிமீட்டர் பெய்தால் 2,000 லிட்டர். ஒரு ஹெக்டேர் புன்செயில் அதே மழை 2 லட்சம் லிட்டர். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை விரல்விட்டுச் சொல்லும்! 2003-இல் தமிழ்நாட்டில் வீடுதோறும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. தன் கூரை எவ்வளவு நீர் தரும் என்று கணக்கிடத் தெரியாதவனுக்கு அது வெறும் குழாய். தெரிந்தவனுக்கு அதுவே கிணறு. இதையே சதுர அடியிலும் அங்குலத்திலும் காலனிலும் கணக்கிடச் சொல்லுங்கள், பட்டதாரியும் பரிதவிப்பான்.

நெசவாளரின் தறிக்கு வருவோம். அருப்புக்கோட்டையில் 40-ஆம் நெம்பர் நூல் என்றால் என்ன? 840 கெசம் கொண்ட சிட்டம் 40 சேர்ந்தால் ஒரு பவுண்டு என்பது பொருள். கெசமும் பவுண்டும் கடையை விட்டு ஓடி அரை நூற்றாண்டுக்கு மேலாகியும், நூலிலே ஒளிந்து குடியிருக்கின்றன! 1,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் என்று சொல்லும் டெக்ஸ் முறை ஏட்டிலே தூங்குகிறது.

இன்னொரு வேடிக்கை, மனையடி சாஸ்திரம். இத்தனை அடி அறை என்றால் செல்வம், இத்தனை அடி என்றால் வறுமை என்று பலன் சொல்கிறார்கள். எந்த அடி, ஐயா? பழந்தச்சனின் கோலா, வெள்ளையனின் 12 அங்குலமா? 1959-இல் ஆங்கிலம் பேசும் ஆறு நாடுகள் கூடி, அடி என்பது 0.3048 மீட்டர் என்று முடிவு செய்தன. ஆக, அடிக்கே ஆதாரம் மீட்டர்! 10 அடி அறையை 3.048 மீட்டர் என்று எழுதினால், அதில் குடியிருந்த யோகம் எந்தப் புள்ளியில் ஏறி உட்காரும்?

'மீட்டரும் அயலான் சரக்குத்தானே? நம் குழியும் மாவும் வேலியும் மரக்காலும் என்னாவது?' என்பர் சிலர். அவை நம் முன்னோர் அறிவின் சின்னங்கள், போற்றுவோம். ஆனால் ஊருக்கு ஊர் கோல் மாறிற்று. ஊருக்கு ஊர் மரக்கால் மாறிற்று. வாரம் அளக்கையில் எந்த மரக்கால் என்று முடிவு செய்தவன் குத்தகையாளனா? பிரெஞ்சு நாட்டிலும் இதே கொடுமை இருந்தது. பிரபுவின் அளவு ஒன்று, குடியானவன் அளவு வேறொன்று. 1789-இல் புரட்சி எழுந்தபோது, மக்கள் வைத்த கோரிக்கைகளுள் ஒன்று, நாடெங்கும் ஒரே அளவு என்பது. அந்தக் கோரிக்கையின் குழந்தையே மீட்டர். மன்னனின் காலை அளவாகக் கொள்ளாமல், மாந்தர் அனைவர்க்கும் பொதுவான பூமியை அளவாகக் கொண்டு பிறந்தது. அறிவுக்கு அயல்நாடு ஏது?

இளைஞர்களே, செய்ய வேண்டியது இது. நில விற்பனையும் விளம்பரமும் ஏரிலும் சதுர மீட்டரிலும் மட்டுமே நடைபெறக் கோருங்கள். கண்மாய்க் கணக்கை லிட்டரில் ஊர் நடுவே எழுதிவைக்கக் கோருங்கள். அதுவரை காத்திராமல், படிப்பகச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதுங்கள்: 1 ஏர் = 100 சதுர மீட்டர் = ஏறத்தாழ 2.47 சென்ட். மாலையில் ஒரு மணி நேரம் அமர்ந்து, வருவோரின் பட்டாவை வாங்கிப் படித்துச் சொல்லுங்கள்.

தன் நிலத்தைத் தானே அளக்கத் தெரிந்தவனைத் தரகன் ஏய்க்க முடியாது. தன் மழையைத் தானே கணக்கிடத் தெரிந்த ஊரை அதிகாரி மிரட்ட முடியாது. சங்கிலி அறுபடட்டும்!