நாரைக்கு உண்டு, நடக்க இயலாதவருக்கு?

நாரை வருகிறது, கூழைக்கடா வருகிறது, கடல் கடந்து வாத்துக் கூட்டமும் வருகிறது. வேடந்தாங்கல் ஏரியிலே அத்தனைக்கும் இடமுண்டு!

ஆலைச் சக்கரத்திலே காலைப் பறிகொடுத்த தொழிலாளி ஒருவன், பிள்ளைகளோடு பேருந்தேறி அங்கே போகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள், தோழர்களே! பிள்ளைகள் பார்வைக் கோபுரத்தின் படிகளிலே தாவி ஏறுவார்கள். "அப்பா, எவ்வளவு பறவை!" என்று மேலிருந்து கூவுவார்கள். அப்பனோ கீழே, ஊன்றுகோலைப் பிடித்தபடி, படிகளை எண்ணிக்கொண்டு நிற்பான்.

அந்தப் பறவைகளைக் காத்தவர் யார்? கோட்டையிலே வாழ்ந்த கோமான்களா? இல்லை! ஏரி நீரை நம்பி ஏர் பூட்டிய உழவர்கள். பறவையின் எச்சம் கலந்த நீர் பயிருக்கு உரம் என்று அறிந்தவர்கள். வெள்ளையர் துப்பாக்கி பறவைகளைக் குறி பார்த்தபோது, அவர்கள் முறையிட்டார்கள். 1798இல் செங்கற்பட்டு ஆட்சியர் லயனல் பிளேஸ் அவர்களது உரிமையை ஏற்றார். எளியவர் கேட்டார், பறவைக்குப் பாதுகாப்புக் கிடைத்தது.

மாற்றுத்திறனாளிக்கும் சட்டம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டுச் சட்டம், பொழுதுபோக்கும் அவரது உரிமை என்கிறது. அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருத்தல் ஆகாது, கட்டாயமாக வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்சநீதிமன்றமும் தீர்ப்பளித்தது. தீர்ப்பு ஏட்டிலே, தொழிலாளி படிக்கட்டின் அடியிலே!

"இயற்கை கெட்டுவிடுமே" என்பர் சிலர். சிமெண்டுக் கோபுரம் எழுந்தபோது கெடாத இயற்கை, சாய்தளத்தாலா கெட்டுவிடும்?

"கோபுர உச்சிக்குச் சாய்தளமா?" என்றும் கேட்பர். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்பது சக்கர நாற்காலியின் கணக்கு, அறிவோம். உச்சியை நாம் கேட்கவில்லை. ஏரிக்கரையிலே தாழ்வான மேடை ஒன்று, அதற்குச் சரளையில்லாத சமதளப் பாதை, கைப்பிடி, இடையிடையே இளைப்பாற இருக்கை, உட்கார்ந்தவர் கண்ணுக்கு எட்டும்படி சுவரிலே ஒரு திறப்பு. இவ்வளவுதான்!

2022 நவம்பரில் மெரினா மணலிலே 263 மீட்டருக்கு மரப்பாதை போட முடிந்தது. மணலிலே முடிந்தது, மண்கரையிலே முடியாதா?

இது ஊனத்துக்கு இரங்கும் பேச்சல்ல, தோழர்களே! மூட்டை சுமந்து முழங்கால் தேய்ந்தவர் நம்மிலே எத்தனை பேர்! இன்று அவன் நிற்கும் படிக்கட்டின் அடியிலே, நாளை நாம் நிற்போம். சிறகுள்ளவைக்குச் சரணாலயம் தந்த மண், கால் தளர்ந்தவருக்கு ஒரு பாதை தரட்டும்!