மதுரைக்காரன் நாக்கில் குறையில்லை

மதுரைக்காரனுக்கு பீர் என்றால் போதைதான், ருசி தெரியாது. பெங்களூருவையும் ஜெர்மனியையும் பார்த்துப் பழக வேண்டும் என்கிறார் நண்பர். ருசி பார்க்க இங்கே எதைக் கொடுத்தார்கள் என்று அவர் கேட்கவே இல்லை.

2003 முதல் சில்லறை மது விற்பனை டாஸ்மாக் கையில். கம்பிக்கு அந்தப்பக்கம் எது இருக்கிறதோ அதுதான் வரும். "கூலிங் இல்லண்ணே, வேணுமா வேண்டாமா?" இதில் மால்ட்டையும் ஹாப்ஸையும் எங்கே ஒப்பிடுவது? நாள் கூலியோடு நிற்பவர் ஸ்ட்ராங் கேட்பது ருசி தெரியாமல் அல்ல, கணக்குத் தெரிந்து.

இறக்குமதிப் பெருமையும் கொஞ்சம் ஓவர். கப்பலில் வாரக்கணக்கில் வந்து, சித்திரை வெயிலில் கிடங்கில் கிடந்தால் ஹாப்ஸ் வாசம் மங்கிவிடும். பச்சைப் பாட்டிலென்றால் வெளிச்சம் பட்டே ஒரு நாற்றம் வரும். அதைத்தான் சிலர் ஃபாரின் வாசனை என்று உறிஞ்சுகிறார்கள். நண்பர் உருகுகிற பெல்ஜியத்துக் கோதுமை பீரில் சேர்வது ஆரஞ்சுத் தோலும் மல்லி விதையும். மல்லி கீழமாசி வீதியில் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது.

பெங்களூரு மைக்ரோப்ரூவரியின் பலமே, வடித்த இடத்தில் குடிப்பதுதான். கள்ளுக்கும் அதே பலம் உண்டு: காலையில் இறக்கியது இனிக்கும், மாலையில் புளிக்கும். கேரளத்தில் கடையில் உட்கார்ந்து கேட்டு வாங்கலாம். இங்கே 1987 முதல் தடை. பனையேறி கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர், அவர் தொழிலாளி. தடவாவிட்டால் கள், அவர் குற்றவாளி. நாக்கைப் பழக்கச் சொல்லும் நண்பர் முதலில் அந்தச் சுண்ணாம்பைப் பற்றி எழுதட்டும்.