வீட்டுக் கணினிக்கு வெளியூரிலிருந்து கட்டளை

பசுவந்தனையில் ஒரு வீட்டில் கணினி ஓடுகிறது. அதில் டோரண்ட் மென்பொருள் ஒரு பெரிய கோப்பை இறக்கிக்கொண்டிருக்கிறது. உரியவரோ கோவில்பட்டியில் வேலையில் இருக்கிறார். எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்க்கவும், நிறுத்தவும், இன்னொன்றைச் சேர்க்கவும் அவருக்குக் கையிலுள்ள செல்போனே போதும். இதற்கான வழி எளிது. ஆனால் தவறாக அமைத்தால் ஆபத்தும் உண்டு.

டோரண்ட் என்றாலே திருட்டுப் படம் என்ற எண்ணத்தை முதலில் ஒதுக்கிவைப்போம். 2001-இல் பிராம் கோஹன் உருவாக்கிய பிட்டோரண்ட், ஒரு கோப்பைத் துண்டுகளாகப் பலரிடமிருந்து ஒரே நேரத்தில் பெறும் முறை. இணைப்பு அறுந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஒவ்வொரு துண்டும் சரிபார்க்கப்படும். டெபியன், உபுண்டு லினக்ஸ் பதிப்புகளை அவற்றை வெளியிடுவோரே இந்த வழியிலும் தருகிறார்கள். இன்டர்நெட் ஆர்க்கைவ் 2012 முதல் தன் சேமிப்புகளுக்கு டோரண்ட் தருகிறது. ஸ்கேன் செய்த பழைய தமிழ் நூல்கள் அங்கே ஏராளம். உரிமை இல்லாததை இறக்குவதும் பகிர்வதும்தான் தவறு.

டிரான்ஸ்மிஷன், கியூபிட்டோரண்ட் ஆகிய இலவச மென்பொருள்களுக்குள்ளேயே சிறிய வெப் சர்வர் ஒன்று இருக்கிறது. அதை இயக்கினால் மென்பொருளின் திரை பிரவுசரில் தெரியும். வழக்கமான போர்ட் எண் முன்னதற்கு 9091, பின்னதற்கு 8080. வீட்டு வைஃபையில் இருந்தபடி கணினியின் ஐபி முகவரியையும், முக்காற்புள்ளி இட்டு இந்த எண்ணையும் போனில் தட்டினால் பட்டியல் வந்துவிடும். போனிலிருந்து போவது கட்டளை மட்டுமே. கோப்பு வீட்டு ஹார்ட் டிஸ்க்கில்தான் இறங்கும். கடைக்குப் போனில் சொல்லிவிட்டு, மூட்டையை வீட்டில் இறக்கவைப்பது போலத்தான். ஆகவே போனின் டேட்டா மிகக் குறைவாகவே செலவாகும்.

பலர் தடுக்கி நிற்கும் இடம் ஒன்று உண்டு. பின்னணியில் ஓடும் டிரான்ஸ்மிஷன், தொடக்கத்தில் தான் இருக்கும் கணினியைத் தவிர வேறு எந்த முகவரியையும் உள்ளே விடாது. அனுமதிப் பட்டியலில் வீட்டு வைஃபையின் ஐபி முகவரிகளைச் சேர்க்க வேண்டும். மென்பொருளை நிறுத்திவிட்டுத்தான் அந்தப் பட்டியல் உள்ள அமைப்புக் கோப்பைத் திருத்த வேண்டும். ஓடும்போது திருத்தினால், மூடும் நேரத்தில் அது பழையதையே திரும்ப எழுதிவிடும்.

வெளியூரிலிருந்து பார்க்க ரௌட்டரில் போர்ட்டைத் திறந்துவிடச் சொல்பவர்கள் உண்டு. வேண்டாம். பல இணையச் சேவை நிறுவனங்கள் ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து தருவதால், திறந்தாலும் பெரும்பாலும் பலன் இருக்காது. பலன் இருந்தால் அதுவே ஆபத்து: அந்தப் பக்கம் உலகத்துக்கே தெரியும், சாதாரண எச்டிடிபியில் கடவுச்சொல்லும் மறைவில்லாமல் போகும். கியூபிட்டோரண்டின் பழைய பதிப்புகளில் எல்லோருக்கும் தெரிந்த ஒரே தொடக்கக் கடவுச்சொல்தான் இருந்தது. 2023-இல்தான் அது மாறியது. இறக்கம் முடிந்ததும் வேறொரு நிரலை ஓட்டும் வசதியும் கியூபிட்டோரண்டில் உண்டு. உள்ளே நுழைந்தவர் அதைக் கொண்டு கணினியையே கைப்பற்றிவிடலாம்.

பாதுகாப்பான வழி, டெயில்ஸ்கேல் போன்ற ஒரு சேவையைக் கணினியிலும் போனிலும் நிறுவி, ஒரே கணக்கில் இணைப்பது. இரண்டுக்கும் நடுவே குறியாக்கம் செய்த தனிப்பாதை அமையும்; போர்ட் எதையும் திறக்க வேண்டாம். டிரான்ஸ்மிஷன் என்றால், அந்தப் பாதையில் போனுக்குக் கிடைக்கும் முகவரியையும் அனுமதிப் பட்டியலில் சேர்க்க வேண்டும். கரண்ட் போய்வந்தால் கணினியும் மென்பொருளும் தானாகத் தொடங்கும்படியும் அமைத்துவிட வேண்டும்.

வரிசை மாறக்கூடாது: முதலில் வலுவான கடவுச்சொல், அடுத்து வீட்டு வைஃபையில் சோதனை, அதன் பிறகே தனிப்பாதை. நம் ஊரில் கணினி படிக்கும் பிள்ளைகள் இதைத் தங்கள் கையாலேயே அமைத்துப் பார்க்க வேண்டும். முகவரி, போர்ட், அனுமதி, குறியாக்கம் என்ற இந்த நான்கின் மேல்தான் வங்கியின் சர்வரும் நிற்கிறது. அவற்றைக் கற்க ஒரு பழைய கணினி போதும்.